நம் ஊர்த் திருமேனிகளுக்கு ஒரு ஷீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மாயவரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து சாமி சிலை திரும்பி வந்தது என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வரும் நாளில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். "எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம்?" என்று என்னிடமும் கேட்பார்கள். அந்த "எப்படி"யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் கடைசியில் கேட்டிருப்பதை மட்டுமாவது போடுங்கள்.

படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது உதாரணம். பொறையாறு பக்கம் அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயில், பத்துக் கை ஆஞ்சநேயரைப் பார்க்க சனிக்கிழமையில் கூட்டம் வருமே, அதே கோயில். அங்கிருந்த ராமர், லட்சுமணர், சீதை, அனுமன் நான்கு திருமேனிகளும் 1978-ல் களவு போயின. நாற்பது வருடம் கழித்து, 2019-ல், பிரிட்டனில் பழம்பொருள் வியாபாரிகள் சங்கத்தின் இணையதளத்தில் வந்திருந்த படம் இந்தியா பிரைடு ப்ராஜெக்ட் என்ற தன்னார்வலர் குழுவைச் சேர்ந்த விஜயகுமார் கண்ணில் பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958 ஜூனில் அதே கோயிலில் எடுத்து வைத்திருந்த கருப்பு வெள்ளைப் படத்தோடு அதை ஒப்பிட்டார்கள், பொருந்திவிட்டது. 2020 செப்டம்பரில் ராமரும் லட்சுமணரும் சீதையும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் 1958-ல் யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனது, இன்னொரு பக்கம் 2019-ல் யாரோ ஒருவர் ஒரு வெப்சைட்டைப் பொறுமையாகப் பார்த்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் ராமர் இன்னும் லண்டனில்தான் இருந்திருப்பார்.

திருமங்கையாழ்வார் கதையும் அப்படித்தான். கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருமேனி அது. 1967-ல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. 2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர், இதே பிரெஞ்சு நிறுவனத்தின் 1957-ஆம் வருடப் படத்தில் இந்த ஆழ்வார் கோயிலுக்குள்ளேயே நிற்கிறாரே என்று அந்த அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் கிளம்பியது. அதுவரை கோயிலில் ஒரு சிலை இருந்துகொண்டேதான் இருந்தது, அதற்குப் பூஜையும் நடந்துகொண்டேதான் இருந்தது. அது நகல் என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது 2024-ல்.

செப்புத் திருமேனியில் படம் ஏன் இவ்வளவு உறுதியான சாட்சி என்றால், மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் அப்படித்தான். அச்சு உடைந்துபோய்விடுவதால் ஒன்றைப் போல இன்னொன்று அச்சு அசலாக வரவே வராது. ஒரே ஸ்தபதி, ஒரே அளவு, ஒரே முத்திரை என்றாலும் திருவாசியில் ஒரு சுடர் சாய்ந்திருக்கும், பீடத்தில் வார்ப்புக் குழி ஒன்று இருக்கும், விரல் நுனி தேய்ந்திருக்கும். நம் கைரேகை மாதிரி.

சரி, இதில் ஜெராக்ஸ் கடைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

மூன்று வருடம் முன்னால் எங்கள் கடைத்தெருப் பாத்திரக்கடைக்காரர் ஒரு வேலை கொடுத்தார். அவர் சரக்கு எடுக்கும் கம்பெனிகளின் வெப்சைட்டில் இருக்கும் குக்கர், டிபன் கேரியர், குத்துவிளக்குப் படங்களை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில், ஒரு வரிசைக்கு ஒரு பொருள் என்று, பக்கத்தில் விலையோடு போட்டுத் தர வேண்டும். அறுநூறு சொச்சம் படம். ஒவ்வொன்றாக ரைட் கிளிக் பண்ணி, சேவ் பண்ணி, ஷீட்டில் ஒட்டி, இழுத்துச் சின்னதாக்கி, நாற்பதாவது படத்திலேயே மணிக்கட்டு வலி வந்துவிட்டது. என் தம்பி மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தவன், "அத்தை, இதை எல்லாம் கையால செய்யக் கூடாது" என்று சொல்லி ஒரு ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதில் இருக்கும் படங்களின் முகவரியை எல்லாம் ஷீட்டே இழுத்துக்கொண்டு வருகிறது, படமும் கட்டத்துக்குள் தானாக வந்து உட்காருகிறது. இரண்டு நாளில் வேலை முடிந்தது. அப்போதே தோன்றியது, குக்கருக்குச் செய்ததை ஏன் சாமிக்குச் செய்யக் கூடாது என்று.

ஏனென்றால் அதற்கு முன்பே அந்த வேலையை நான் கையால் செய்துகொண்டிருந்தேன், செய்து தோற்றும் போயிருந்தேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு சிவன் கோயில், பெயர் வேண்டாம். அதில் ஓர் அம்பாள் உற்சவத் திருமேனி காணாமல் போய் ரொம்ப நாளாயிற்று, நான் பிறப்பதற்கு முன்னால். கோயில் குருக்களுக்கு இப்போது எண்பது வயது ஆகப்போகிறது, சின்ன வயதில் அந்த அம்பாளுக்கு அபிஷேகம் பண்ணியவர். வெளிநாட்டு மியூசியம், ஏலக் கம்பெனி வெப்சைட்டில் எல்லாம் தேடி அம்பாள் படமாக நானூறு வரை சேவ் பண்ணி வைத்திருந்தேன். ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பிராகாரத்துத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "இது எங்கே இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஃபைல் பெயர் "டவுன்லோடு (37)" என்று இருந்தது, அவ்வளவுதான். எந்த மியூசியம், எந்தப் பக்கம், எந்த வருடம் வாங்கினார்கள், ஒன்றும் இல்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து பழைய ஹிஸ்டரியை எல்லாம் தோண்டி அந்தப் பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடித்தேன். அங்கே பெரிய படம் இருந்தது. அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இல்லம்மா. நம்ம அம்பாளுக்கு வலது கையில சுண்டுவிரல் நுனி கிடையாது, இவளுக்கு இருக்கு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம் அம்பாள் இல்லை, சரி. ஒருவேளை நம் அம்பாளாகவே இருந்து, நான் மூன்று ராத்திரி தேடும்போது அவர்கள் அந்தப் பக்கத்தையே நீக்கியிருந்தால்? அந்த பயம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் ஷீட் போட்டேன். ஒரு வரிசைக்கு ஒரு திருமேனி. முதல் கட்டத்தில் படம், அடுத்தடுத்த கட்டங்களில் அவர்கள் வைத்த பெயர், உயரம், காலம், எந்த ஊர் என்று போட்டிருக்கிறார்கள், அருங்காட்சியகத்தின் பதிவு எண், எந்த வருடம் வாங்கினார்கள், யாரிடம் வாங்கினார்கள், பக்கத்தின் லிங்க், நான் பார்த்த தேதி. இதில் வாங்கிய வருடம் மிக முக்கியம். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது, நம் நாட்டுப் பழம்பொருள் சட்டம் 1972-ல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சிலை இந்தியாவிலிருந்து போயிருந்தால் எப்படிப் போனது என்று வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஷீட்டில் அந்தக் கட்டத்தை வைத்து வடிகட்டினால் முதலில் பார்க்க வேண்டியவை மேலே வந்துவிடும். ஃபோல்டரில் கிடக்கும் நானூறு படத்தால் அது முடியாது.

சில பெரிய அருங்காட்சியகங்கள் இந்த வேலைக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன, இதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலிருந்து, காப்புரிமை முடிந்த கலைப்பொருள்களின் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 2018-ல் ஏபிஐ என்ற வசதியையும் கொடுத்தது. அதாவது வெப் பக்கத்தைக் குடைந்து படத்தைத் தேட வேண்டியதில்லை. சிவன் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆசியக் கலைப் பிரிவு, படம் உள்ளவை மட்டும் என்று கேட்டால் பதிவு எண்களின் பட்டியல் வரும். ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்தால் பெயர், காலம், வாங்கிய வருடம், கொடுத்தவர் பெயர், படத்தின் முகவரி எல்லாம் தனித்தனியாக வந்து விழும். பணம் கட்ட வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். கிளீவ்லாந்து 2019-லும் ஸ்மித்சோனியன் 2020-லும் இதே மாதிரி திறந்துவிட்டன. கூகுள் ஷீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் முப்பது வரிகூட வராத ஒரு நிரல் போதும். ஒரே ஓட்டத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் அது ஓடாது, நின்றுவிடும். அதனால் எந்த வரிசையில் நின்றது என்று குறித்து வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை தானாகக் கிளம்பி விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்துவிட்டேன். ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் போனால் காலையில் வந்து பார்க்கும்போது ஷீட் நிறைந்திருக்கும்.

ஏபிஐ இல்லாத இடங்கள்தான் பாடு. கூகுள் ஷீட்டில் இம்போர்ட்-எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது, பக்கத்தின் முகவரியையும் "எனக்குப் பட முகவரிகள் மட்டும் வேண்டும்" என்ற குறிப்பையும் கொடுத்தால் வரிசையாக இறக்கித் தரும். பக்கத்துக் கட்டத்தில் இமேஜ் ஃபார்முலா போட்டால் அந்த முகவரி படமாக மாறும். முதல் தடவை ஓர் ஏலக் கம்பெனிப் பக்கத்தில் இதைப் போட்டுவிட்டு ஆவலோடு பார்த்தால் அறுபது வரிசையிலும் ஒரே சாம்பல் நிறக் கட்டம். என்னடா என்று பார்த்தால், ஆள் கீழே உருட்டி வரும்போதுதான் நிஜப் படம் வரும்படி வைத்திருக்கிறார்கள், அதுவரை எல்லா இடத்திலும் ஒரு வெற்றுப் படம்தான். நிஜ முகவரி அதே குறிச்சொல்லில் வேறொரு பெயரில் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் டேட்டா-எஸ்ஆர்சி என்று இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். சில தளங்களில் முகவரி பாதிதான் இருக்கும், சாய்கோட்டில் ஆரம்பிக்கும், முன்னால் தளத்தின் பெயரை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். சில இடங்களில் வருவது தபால்தலை அளவுக்குச் சின்னப் படம். சுண்டுவிரல் நுனி அதில் எங்கே தெரியும்? அளவுவாரியாக நாலைந்து முகவரியை ஒரே வரியில் எழுதியிருப்பார்கள், அதில் கடைசியாக, பெரிதாக இருப்பதை எடுக்க வேண்டும். பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட்டே கட்டுகிறது என்றால் ஷீட் ஃபார்முலாவுக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பைத்தான் என்ற நிரல் மொழியும் செலினியம் என்ற கருவியும் வேண்டும், அது பிரவுசரைத் திறந்து ஆள் மாதிரியே உருட்டிப் பார்த்துப் படத்தை எடுக்கும். அதைத் தம்பி மகன்தான் எழுதித் தந்தான்.

எக்செல்லில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதில் நான் அடிபட்டிருக்கிறேன். சாதாரணமாக இன்செர்ட் பண்ணிய படம் கட்டத்துக்குள் இருக்காது, ஷீட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். வாங்கிய வருடத்தை வைத்து வரிசைப்படுத்தினேன், எழுத்தெல்லாம் இடம் மாறியது, படங்கள் பாதி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. நடராஜர் வரிசையில் பார்வதி, சோமாஸ்கந்தர் வரிசையில் சம்பந்தர். உடனே கவனித்ததால் பின்வாங்க முடிந்தது, சேவ் பண்ணி மூடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். தப்பான படத்தோடு ஓர் ஆவணம் வெளியே போனால் அடுத்த தடவை சரியான படத்தோடு போனாலும் எவரும் மதிக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் இப்போது இமேஜ் ஃபார்முலா வந்துவிட்டது, கட்டத்துக்குள்ளேயே படத்தை வைக்கும் வசதியும் இருக்கிறது. அப்படித்தான் வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இமேஜ் ஃபார்முலா படத்தைக் காட்டும், ஆனால் வைத்துக்கொள்ளாது. அந்தத் தளத்தில் இருக்கும் படத்தை அப்போதைக்கு அப்போது எட்டிப்பார்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அவர்கள் எடுத்துவிட்டால் நம் கட்டமும் காலி. அருங்காட்சியகங்கள் பொதுவாக எடுப்பதில்லை. பழம்பொருள் வியாபாரிகளின் பக்கம் அப்படி இல்லை, விற்றதும் எடுத்துவிடுகிறார்கள், யாராவது கேள்வி கேட்க ஆரம்பித்தாலும் எடுத்துவிடுகிறார்கள். என் ஷீட்டிலேயே ஒரு வரிசை இப்படிப் போனது. நின்ற கோலத்தில் ஒரு விஷ்ணு, பீடத்தில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிற மாதிரி தெரிந்தது, நாளை பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று விட்டேன். மறுவாரம் போனால் படம் இல்லை, பக்கமே இல்லை. பீடத்தில் எழுத்து என்றால் ஊர்ப் பெயராக இருக்கலாம், கொடுத்தவர் பெயராக இருக்கலாம், ஒரே வார்த்தையில் கோயில் எது என்று சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து, படத்தின் முகவரி ஷீட்டில் விழும் அதே நிமிடத்தில் படத்தின் நகல் ஒன்று டிரைவிலும் இறங்கும்படி வைத்திருக்கிறேன், பதிவு எண்ணையே ஃபைல் பெயராக வைத்து. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுகிறேன். நம் டிரைவில் இருக்கும் நகலை நீயே உண்டாக்கியது என்று ஒருவர் சொல்லலாம். வேபேக் மெஷினில் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது என்று மூன்றாம் ஆளிடம் பதிவாகி இருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆர்வத்தில் ஒரு தளத்தைப் போட்டு நொறுக்கிவிட வேண்டாம். தானாக ஓடும் நிரல் ஒரு விநாடியில் நூறு தடவை கதவைத் தட்டும். சின்ன அருங்காட்சியகத்தின் சர்வர் அதைத் தாங்காது, நம்மைத் தளத்துக்குள் வர விடாமல் தடுத்தும் விடுவார்கள். தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில், தானாக ஓடும் நிரல் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எழுதியிருப்பார்கள், அதை மதிக்க வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று விநாடி விட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைத்துக்கொள்வது வேறு, நம் பெயரில் வெளியிடுவது வேறு. நம் கை சுத்தமாக இருந்தால்தான் அவர்கள் கையைப் பற்றி நாம் பேச முடியும்.

அப்புறம், கம்ப்யூட்டர் சேர்த்துத்தான் கொடுக்கும். பெயர் தெரிந்து தேடுவதும் கண்ணால் பொருத்துவதும் நாம்தான். அங்கே "நிற்கும் பார்வதி" என்று போட்டிருப்பது இங்கே போகசக்தி அம்மனாக இருக்கும், "பெண் தெய்வம்" என்று போட்டிருப்பது பூதேவியாக இருக்கும். மாணிக்கவாசகர் பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். சோழர் என்பதிலேயே எழுத்து மாறுகிறது. ஊர் என்ற இடத்தில் தென்னிந்தியா என்று இருக்கும், பழைய பதிவாக இருந்தால் மெட்ராஸ் என்று இருக்கும். இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு தனிப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னால்தான் முழுசாக வரும். குருக்கள் வீட்டுப் பெரியவர்கள், ஓதுவார்கள், ஸ்தபதிகள் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய வேலை அது.

இப்போது என் ஷீட்டில் வெளிநாட்டில் இருக்கும் திருமேனிகளின் படங்கள் இரண்டாயிரத்தை நெருங்கிவிட்டன. எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் நெஞ்சு அடைக்கிறது.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் புதுச்சேரியில் தொடங்கியது. அடுத்த வருடத்திலிருந்தே கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தார்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அந்தப் புண்ணியவான்கள் எடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை பல திருமேனிகள் திரும்பி வருகின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஒரு சாட்சி. பூஜை நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயில் அது. திருட்டு நடந்தது 2006-ல், ஊருக்கே தெரிய வந்தது 2008-ல், அதே 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அதை வாங்கியும்விட்டது. விற்ற சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார், 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் அவருக்குப் பத்து வருடத் தண்டனை கொடுத்தது. நடராஜர் 2014-ல் நாடு திரும்பினார். இவ்வளவுக்கும் அடியில் இருந்தது கோயிலில் எடுத்த பழைய படம்.

ஆனால் அவர்கள் போகாத கோயில்? போயும் ஓர் உற்சவரை மட்டும் எடுத்துவிட்டு வந்த கோயில்? எங்கள் அம்பாள் அப்படி விட்டுப்போனவள்தான். பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் இப்போது இருக்கும் திருமேனிகளின் படங்களைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன், இரண்டு தடவை நேரிலும் போனேன். பதிவேடு இருக்கிறது, பீரோவில் இருக்கிறது, பாதுகாப்புக் காரணமாகக் காட்ட முடியாது என்றார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டினால் திருடனுக்கும் தெரியும்தான். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத கோயிலில் என்ன இருக்கிறது என்பது திருடனுக்கு ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது, ஸ்ரீபுரந்தானில் தெரிந்ததே. தெரியாமல் இருப்பது லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்குகிறவருக்குத்தான். வாங்கப்போகிற சிலையின் படம் இங்கே இணையத்தில் கோயில் பெயரோடு இருக்கிறது என்றால் அதை எவன் காசு கொடுத்து வாங்குவான்? வெளியே தெரிந்த படம் ஒரு பூட்டு. பீரோவில் பூட்டிய படம், பீரோ இருக்கும் வரைக்கும்தான்.

ஆகவே இந்து சமய அறநிலையத் துறைக்கு உங்கள் மூலம் ஒரு வேண்டுகோள். கோயில் வாரியாக ஒரு ஷீட், ஒரு வரிசைக்கு ஒரு திருமேனி, பொதுமக்கள் பார்க்கும்படி. சிலை இப்போது கோயிலில் இருக்கிறதா, திருமேனி பாதுகாப்பு மையத்தில் இருக்கிறதா, எந்த அறை, எந்தப் பெட்டி என்பதை எல்லாம் போட வேண்டாம். படமும் உயரமும் கோயில் பெயரும் போதும். பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம், டெண்டர் வேண்டாம். பாத்திரக்கடை விலைப்பட்டியலுக்குப் போதுமான கருவி இதற்கும் போதும். படம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அலங்காரத்தோடு எடுத்த படம் பிரயோஜனம் இல்லை, பட்டும் மாலையும் கவசமும் போட்டபின் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. திருமஞ்சனத்துக்கு முன்னால், குருக்களிடமோ பட்டாச்சாரியாரிடமோ கேட்டு, அவர் சம்மதிக்கிற நேரத்தில், முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பீடம், பீடத்து எழுத்து, கை விரல்கள். பின்பக்கத்தை யாருமே எடுப்பதில்லை, ஆனால் நகல் செய்கிறவன் கோட்டைவிடுவது அங்கேதான். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் வைத்து எடுத்தால் உயரத்தைப் பற்றி அப்புறம் சண்டை வராது. காவல் துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இயங்கி வருகிறது, காணாமல் போனவற்றின் படங்கள் அவர்களிடம் இருப்பவற்றையும் இதே வடிவத்தில் வெளியிட்டால் என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கத்து ஷீட்டையும் அந்தப் பக்கத்து ஷீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்வோம். ராத்திரி உட்கார ஆள் இருக்கிறோம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, இதைத்தான் கட்டாயம் போடச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கும்பாபிஷேக மலர் இருக்கும். 1950, 60, 70-களில் ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒரு மலர் போட்டிருக்கிறார்கள், அதில் நடுப்பக்கத்தில் உற்சவ மூர்த்திகளின் படம் இருக்கும், சில மலர்களில் அலங்காரமில்லாமலே இருக்கும். திருக்கல்யாணப் பத்திரிகை, கோயில் காலண்டர், சந்நிதியில் நடந்த கல்யாண ஆல்பம், சாமி புறப்பாட்டில் தாத்தா தோள் கொடுத்துக்கொண்டு நிற்கிற படம், எதுவானாலும் சரி, சாமி தெரிந்தால் போதும். தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள், அச்சுப் புள்ளி தெரிகிற அளவுக்கு வேண்டும், போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கிவிடும். படத்துக்குப் பின்னால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் பண்ணுங்கள். ஸ்கேன் பண்ணியதை ஒரு ஷீட்டில், ஊர், கோயில், வருடம், எந்த மலர், எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். மாயவரம் பக்கம் இருப்பவர்கள் என் கடைக்கே கொண்டுவரலாம், கோயில் படத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.

போன வாரம் குருக்கள் வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா காலத்து மலர் ஒன்று அகப்பட்டிருக்கிறது, அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் கரையான். நடுப்பக்கத்தில் அம்பாளும் பிரதோஷ மூர்த்தியும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அம்பாளின் வலது கை இருக்கும் பக்கம் கரையான் அரிக்கவில்லை. ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் தாள் உடைந்துவிடும் போலிருந்தது, அதனால் கும்பகோணத்திலிருந்து கேமரா ஸ்டாண்டு ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.